கம்ப்யூட்டர் போடும் மர்மச் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அக்கா கல்யாணப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க், நின்றுபோவதற்கு முன் மூன்று வாரம் சத்தம் போட்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘டக்… டக்… டக்’ என்று கொஞ்ச நேரம், அப்புறம் மதியம் ஒருமுறை. ஃபேனில் ஏதோ வயர் உரசுகிறது என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினேன், வயர்களை டேக் போட்டுக் கட்டினேன், புது ஃபேன் கூட வாங்கிப் போட்டேன். நான்காவது வாரம் டிஸ்க் நின்றுவிட்டது. 700 படங்களில் மீண்டது 200-க்கும் குறைவு. தாலி கட்டும் படம் அதில் இல்லை.

அந்தச் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தால் முதல் நாளே படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்திருக்கலாம். அதன்பிறகு வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் நிறைய கம்ப்யூட்டர்களின் முனகலைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ‘இது என்ன சத்தம்?’ என்று யோசித்துக்கொண்டிருந்தால் பதில் கிடைப்பதில்லை. ‘எது மாறும்போது இந்தச் சத்தமும் மாறுகிறது?’ என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. ஒரே மாதிரி ‘கிர்ர்ர்’ ஃபேனிலிருந்தும் வரும், டிஸ்கிலிருந்தும் வரும், கேபினெட்டின் தகரம் அதிர்வதாலும் வரும். காதுக்கு மூன்றும் ஒன்றுபோல இருந்தாலும் மாறுகிற விதம் மூன்றுக்கும் வேறு. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மாற்றத்தைப் பிடிப்பதற்குத்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் இருந்து, பெட்டிக்குள்ளிருந்து தாளம் தவறாமல் ‘டக் டக்’ என்று வந்தால், இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம். முதலில் குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், கணக்கு ஃபைல்கள் என்று இழக்க முடியாதவற்றை வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று, கரன்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவரும் எஸ்எம்பிஎஸ்ஸை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த அளவு மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ‘பட பட’ என்று பொரிவது போலக் கேட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் படி: இரண்டு நாள் குறித்து வையுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். சத்தம் எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, கம்ப்யூட்டரைப் போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று எழுதுங்கள். சத்தத்தையும் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. கரகர என்பது வேறு, குறுகுறு என்பது வேறு. ‘ஊங்’ என்பதும் ‘உய்ங்’ என்பதும் ஒன்றல்ல. ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘போட்டதும் அஞ்சு நிமிஷம் கரகரன்னு வந்து அப்புறம் அடங்கிடுது’ என்றால் அவர் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடுவார்.

செல்போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ‘ஸ்பெக்ட்ராய்டு’ என்ற ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சத்தத்தில் எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்று படமாகவே காட்டும். அதன் பயன் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். வயது ஏற ஏற மிக உயர்ந்த சுருதிகள் நம் காதுக்கு எட்டாமல் போய்விடும். ஒருமுறை அக்கா மகன் என் மேஜை அருகில் வந்து நின்று, “மாமா, கொசு மாதிரி கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?” என்றான். எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. ஸ்பெக்ட்ராய்டில் பார்த்தபோது 15,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒரு மெல்லிய கோடு அசையாமல் நின்றது. மானிட்டரின் அடாப்டரிலிருந்து வந்திருக்கிறது.

இரண்டாம் படி: ஸ்பீக்கரா, பெட்டியா, பக்கத்து ஆளா?

இந்தப் படிக்கு மூன்று நிமிடம் போதும், இதைத் தாண்டிப் போகாதீர்கள். சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் வயரையோ ஹெட்போனையோ கழற்றுங்கள். லேப்டாப்பாக இருந்தால் மியூட் பட்டனை அழுத்துங்கள். சத்தம் நின்றால் அது ஸ்பீக்கர் வழியாக வந்தது. நிற்காவிட்டால் கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, சுற்றியிருக்கும் மற்ற சாதனங்களை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் கேட்டால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை.

பெரும்பாலும் மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்தான் இதில் மாட்டும். கரன்ட் போய் பேட்டரியில் ஓடும்போது அது விட்டுவிட்டு ‘பீப்’ அடிக்கும். பேட்டரி தீரும் நேரத்தில் வேகமாக அடிக்கும். பேட்டரி செத்துவிட்டால் கரன்ட் இருக்கும்போதும் அடித்துக்கொண்டிருக்கும். ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு, அதே நொடியில் டியூப் லைட்டும் லேசாக மினுங்குகிறது என்றால், மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே (தானாக இணைப்பை மாற்றும் ஸ்விட்ச்) மாறுகிறது. மாலையில் தெருவே ஏசி போடும் நேரத்தில் இது அடிக்கடி வருவதைக் கவனிக்கலாம்.

மானிட்டரைச் சோதிக்க, அதன் பிரைட்னெஸ்ஸை 100-க்கு ஏற்றுங்கள். மங்கலாக வைத்தபோது வந்த ரீங்காரம் இப்போது மறைந்தால், ஒளியைக் குறைப்பதற்காக மானிட்டர் தன் விளக்கை மிக வேகமாக அணைத்து ஏற்றுவதால் வந்த சத்தம் அது. லேப்டாப் சார்ஜரையும் காதருகே வைத்துப் பாருங்கள். பேட்டரி நிரம்பிய பிறகு சார்ஜருக்கு வேலை குறைந்துவிடும். அப்போது அது மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதால் சில சார்ஜர்கள் சில்வண்டு போலக் கத்தும்.

ஸ்பீக்கர் வழியாக வந்தால்

இதில் மின்சாரத்தால் வருவது, சாஃப்ட்வேர் போடுவது என்று இரண்டு வகை. வால்யூமைப் பூஜ்ஜியமாக்கியும் வருவது மின்சாரம்.

ஓயாத ‘ம்ம்ம்ம்’ என்றால் பெரும்பாலும் எர்த் கோளாறு. கம்ப்யூட்டர் ஒரு பிளக் பாயின்ட்டிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பிளக் பாயின்ட்டிலும் இருந்தால், இரண்டின் எர்த்துக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடும். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் முனகலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் சட்டென்று நின்றால் காரணம் இதுதான். அப்படியும் அடங்காவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேட்டு வாங்கி ஆடியோ வயரில் மாட்டலாம். பிளக்கின் மூன்றாவது காலை வெட்டினால் முனகல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகத்தான் செய்யும். ஆனால் அடுத்து ஏதாவது பழுதானால் கேபினெட்டைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

‘டிடிட் டிடிட் டிர்ர்ர்’ என்று வந்த சில நொடியில் போன் அடிக்கிறதா? 2ஜி போன்கள் ஒரு நொடியில் சுமார் 217 முறை அலையை விட்டுவிட்டு அனுப்பும், அதை ஸ்பீக்கர் வயர் ஆன்டெனா போலப் பிடித்துவிடும். போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் ‘சிர்ர்’ என்று வந்தால், கேபினெட்டின் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்க ஜாக்கில் மாட்டுங்கள். முன்பக்கத்துக்கு வரும் ஆடியோ வயர் பெட்டிக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்திலும் வந்தால் விலை மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும்.

பாட்டு ஓடும்போது மட்டும் ‘சடசட’ என்று உடைந்தால் ஏதோ ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் ப்ராசஸரை நீண்ட நேரம் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். விண்டோஸில் ‘லேட்டன்சிமான்’ என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லிவிடும். வைஃபை டிரைவர் அதில் அடிக்கடி மாட்டும். பாட்டு தொடங்கும் முன்பும் முடிந்து சில நொடி கழித்தும் ‘டொப்’ என்று ஒரு தட்டு வந்தால், ஆடியோ சிப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கி எழுகிறது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

சாஃப்ட்வேர் போடும் சத்தத்தில் அதிகம் குழப்புவது யுஎஸ்பி மணி. யாரும் எதையும் தொடாதபோது ‘டு-டும்’ என்று இறங்கி, உடனே மறுபடி ஏறும். ஏதோ ஒரு யுஎஸ்பி சாதனம் அறுந்து அறுந்து சேர்கிறது என்று அர்த்தம். பிரின்டர், வெப்கேம், கீபோர்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பொறுமை இல்லையென்றால் ‘யுஎஸ்பிடீவ்யூ’ என்ற சிறு கருவியில் எந்தச் சாதனம் எத்தனை மணிக்குக் கடைசியாக இணைந்தது என்று பட்டியல் இருக்கும்; நீங்கள் குறித்து வைத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேப்ஸ் லாக்கை அழுத்தும்போதெல்லாம் ‘பீப்’ வந்தால், கீபோர்டின் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை யாரோ 5 நொடி தொடர்ந்து அழுத்தியிருக்கிறார்கள். வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்தினாலும், ஷிஃப்டை 5 முறை தட்டினாலும் இப்படி வேறு வசதிகள் விழித்துக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உதவுவதற்காக வைத்தவை அவை. செட்டிங்ஸில் ‘அக்ஸஸிபிலிட்டி’ பகுதிக்குள் கீபோர்டு என்ற இடத்தில் அணைத்துவிடலாம்.

எந்த ஜன்னலும் திறந்திராதபோது விளம்பரக் குரலோ பாட்டோ கேட்டால், அந்த நேரத்திலேயே வால்யூம் மிக்ஸரைத் திறந்து எந்தப் புரோகிராமின் பட்டை துள்ளுகிறது என்று பாருங்கள். பிரவுசர் என்றால் டேபின் மேல் குட்டி ஸ்பீக்கர் படம் இருக்கும். தெரியாத பெயர் துள்ளினால் அது மறைவாக விளம்பரம் ஓட்டும் கள்ள மென்பொருளாக இருக்கலாம். முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

மூன்றாம் படி: பெட்டிக்குள்ளிருந்து வந்தால் தாமதத்தைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் நம்புவது இந்தப் படியைத்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வேலை கொடுங்கள், உதாரணமாக ஒரு வீடியோவை மாற்றச் சொல்லுங்கள். அதே கணத்தில் ‘உய்ங்’ என்று தொடங்கி, வேலை நின்றதும் அதே கணத்தில் நின்றால் அது மின்சுருளின், அதாவது போர்டில் இருக்கும் குட்டிக் கம்பிச் சுருளின் சத்தம். சில நொடிகளோ ஒரு நிமிடமோ கழித்து மெல்ல ஏறி, வேலை நின்ற பிறகும் மெல்ல இறங்கினால் ஃபேன். ஏனென்றால் சூடு ஏறுவதற்கும் ஆறுவதற்கும் நேரம் வேண்டும். கேபினெட்டின் முன்பக்கம் மினுங்கும் டிஸ்க் விளக்கோடு சேர்ந்து துடித்தால் ஹார்டு டிஸ்க். எந்த வேலையையும் பொருட்படுத்தாமல் ஒரே மாதிரி வந்தால் அதிர்வு, அல்லது எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும் ஃபேன்.

அடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 பட்டனை அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. அங்கும் சத்தம் வந்தால் சாஃப்ட்வேரை முழுவதுமாக மறந்துவிடலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க, பழைய காலண்டர் தாளை நீளமான குழலாகச் சுருட்டுங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைத் திறந்த கேபினெட்டுக்குள் மெல்ல நகர்த்துங்கள். இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். கார் மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து இன்ஜினைக் கேட்பார்கள். ஓடும் கம்ப்யூட்டருக்குள் இரும்பை நீட்டுவது ஆபத்து, காகிதக் குழலே போதும்.

ஸ்பெக்ட்ராய்டு ஆப் இங்கே உதவும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று, ஆகவே 120 ஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரியும். 5,400 சுற்று டிஸ்குக்கு 90 ஹெர்ட்ஸ். ஃபேனுக்கு நிமிடச் சுற்றை 60-ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 1,200 சுற்று, 7 இறக்கை என்றால் 140 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸில் கோடு நின்றால் அது நம் ஊர் மின்சாரத்தின் முனகல். ஃபேனின் சுற்று வேகம் பயாஸ் திரையிலேயே இருக்கும்.

ஃபேன்

முதலில் கேபினெட்டின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது பெட்டி மேஜையில் சரியாக உட்காரவில்லை. ஸ்க்ரூவை முடுக்கி, அடியில் ஒரு பழைய மவுஸ் பேடைப் போடுங்கள். நான் பார்த்த ‘கிர்ர்ர்’களில் கணிசமானவை இதிலேயே முடிந்திருக்கின்றன.

‘டரடரடர’ என்று சைக்கிள் சக்கரத்தில் அட்டை செருகியது போல வந்தால் ஏதோ வயர் இறக்கையில் தட்டுகிறது. காலையில் கரகர என்று முனகி, சூடானதும் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வறண்டுவிட்டது. நாளுக்கு நாள் அந்தக் கரகர நீளும், கடைசியில் ஃபேன் சுற்றாமல் நிற்கும். மே மாத மதியத்தில் மட்டும் ‘ஊங்’ என்று விமானம் போலக் கிளம்பினால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. தூசி அடைத்த ஹீட் சிங்க்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்), அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவிய, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் அதை விரட்டுகின்றன.

எந்த ஃபேன் என்று தெரிய, ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பர் முனையால் ஃபேனின் நடுக் குமிழை மெல்ல அழுத்தி இரண்டு நொடி நிறுத்துங்கள். இறக்கையைத் தொடாதீர்கள். சத்தம் நின்றால் அதுதான். ப்ராசஸர் ஃபேனையும் எஸ்எம்பிஎஸ் ஃபேனையும் இப்படிச் செய்ய வேண்டாம்.

பேரிங் வறண்ட ஃபேனுக்கு, நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகிவிடும். எண்ணெய் விடுவது புது ஃபேன் வாங்கும் வரை தாங்குவதற்கு மட்டும். புளோயரால் தூசி அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கட்டுமீறிச் சுற்றினால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும்.

சில வீடுகளில் ஒரு விசித்திரமான சத்தம் வரும்: ‘வவ்… வவ்… வவ்’ என்று ஏறி இறங்கும், எந்த ஃபேனைத் தனியாக ஓடவிட்டாலும் வராது. இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றுவதால் வருவது அது. ஒன்று 1,200, இன்னொன்று 1,230 என்றால் 140 ஹெர்ட்ஸும் 143.5 ஹெர்ட்ஸும் மோதி, நொடிக்கு மூன்று நான்கு முறை ஏறி இறங்கும். சுருதி சேராத தம்புராவின் இரண்டு தந்திகளுக்கு நடுவே கேட்கும் அதே அலைதான். பயாஸில் ஒரு ஃபேனின் வேகத்தை 200 சுற்று குறைத்தால் மறைந்துவிடும். இரண்டு ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டியிலும் இதே கதை நடக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது பல்லி, எறும்புப் புற்று, கரப்பான் முட்டை எதையும் எதிர்பாருங்கள். சூடான இடம் அவற்றுக்குப் பிடிக்கும். பின்பக்கம் காலியாக இருக்கும் ஓட்டைகளைத் தகட்டால் மூடிவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க்

நல்ல டிஸ்கும் சத்தம் போடும். படிக்கும்போது ‘குறுகுறு’ என்று கொறிக்கும்; ஓய்வெடுக்கப் போகும்போது ‘டிக்’ என்று ஒரு தட்டு; கரன்ட் போகும்போது தன் படிக்கும் முனையை அவசரமாக ஓரம் கட்டுவதால் கொஞ்சம் பலமாக ஒரு ‘டக்’. நீங்கள் எதுவும் செய்யாதபோது குறுகுறுத்தால் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆன்டிவைரஸோ விண்டோஸின் தேடல் பட்டியலோ ஓடிக்கொண்டிருக்கும்.

கெட்ட சத்தம் வேறு மாதிரி. சுற்றத் தொடங்கும் ‘விர்ர்’, உடனே ஒரே இடைவெளியில் ‘டக்… டக்… டக்’, கொஞ்சம் அமைதி, மறுபடி முதலிலிருந்து. படிக்கும் முனை, டிஸ்குக்குள் சுற்றும் வட்டத் தட்டின் மேல் தான் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது, கிடைக்கவில்லை, தொடங்கிய இடத்துக்கே திரும்பி மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு டக்கும் ஒரு தோற்ற முயற்சி. முனைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு சில நானோமீட்டர்தான். அதனால் ஒவ்வொரு முயற்சியும் மேலும் சேதம் செய்யக்கூடும். என் வீட்டில் மூன்று வாரம் கேட்டது இதைத்தான்.

வெளியில் மாட்டும் டிஸ்க் என்றால் முதலில் வேறு யுஎஸ்பி ஓட்டையும் வேறு வயரும் மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் அது இப்படித் தட்டும். டிஸ்குக்குள்ளிருந்தே மெல்லிய ‘பீப்… பீப்’ வந்தால், முனை தட்டில் ஒட்டிக்கொண்டதால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. உடனே கழற்றிவிடுங்கள்.

தட்டினாலும் டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால், காப்பி எடுத்த பிறகு, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற கருவியைப் போட்டுப் பாருங்கள். எண் 05, அதாவது மாற்றி ஒதுக்கிய பகுதிகள். சி5, காத்திருக்கும் பகுதிகள். சி6, திருத்த முடியாதவை. இந்த மூன்று வரிகளிலும் ‘ரா வேல்யூ’ (Raw Values) பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் வந்து, எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போகப்போகிறது. எல்லாம் நீலமாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள், எச்சரிக்கையே இல்லாமல் போகும் டிஸ்க்குகளும் உண்டு.

ஃபைல்களை எடுக்கும்போது வரிசை முக்கியம். படங்களில் ஈடு இல்லாதவை முதலில், அப்புறம் ஆவணங்கள், சினிமாவும் பாட்டும் கடைசியில். டிஸ்கைத் தட்டுவது, ஃபிரிட்ஜில் வைப்பது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். அது திறக்கவே இல்லை, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் தரவு மீட்பு ஆட்களிடம் கொடுங்கள்.

மின்சுருளின் ‘உய்ங்’

சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் மட்டுமே உள்ள, ஃபேன்கூட இல்லாத லேப்டாப்பும் கத்தலாம். மதர்போர்டிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் இருக்கும் மின்சுருள்களில் மின்சாரம் ஏறி இறங்கும்போது அவை நூலிழை அளவு அதிரும். சில பீங்கான் கெபாசிட்டர்களும் மின்னழுத்தம் மாறும்போது சுருங்கி விரிந்து பலகையையே பாட வைக்கும்.

சோதனை எளிது. நீளமான ஒரு பக்கத்தைத் திறந்து மவுஸ் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுங்கள். ஸ்க்ரோல் ஆகும்போது மட்டும் ‘சிர்ர்’ என்றால் இதுதான். விளையாட்டின் மெனு திரையில் நின்றால் சிலசமயம் பயங்கரமாகக் கத்தும். அங்கே வரைய ஒன்றும் இல்லாததால் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கில் காட்சிகளைத் துப்பிக்கொண்டிருக்கும். அதை 60-க்கோ உங்கள் மானிட்டரின் அளவுக்கோ கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும். இதனால் பழுது வராது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எஸ்எம்பிஎஸ் ‘கொர்ர்’ என்றால், இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தச் சத்தம் இருக்காது.

கம்ப்யூட்டர் செய்யும் வேலைக்கு ஏற்ப இந்தச் சத்தம் எவ்வளவு நுணுக்கமாக மாறுகிறது தெரியுமா? 2013-இல் டேனியல் கென்கின், அடி ஷமிர், எரான் ட்ரோமர் என்ற மூவர், ஒரு லேப்டாப்பின் இந்த மெல்லிய சத்தத்தைப் பதிவுசெய்து, அதிலிருந்தே செய்திகளைப் பூட்டித் திறக்கும் 4,096 பிட் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவியைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அருகில் வைத்த ஒரு செல்போனைக் கொண்டும் அதைச் செய்ய முடிந்தது. அந்த ஓட்டையை மென்பொருளில் அடைத்துவிட்டார்கள். ஆனால் சத்தத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை இதைவிட நன்றாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை.

மதர்போர்டின் ‘பீப்’

ஸ்பீக்கரே இல்லாமல் ‘பீப்’ வந்தால் மதர்போர்டில் இருக்கும் குட்டி பஸ்ஸர் பேசுகிறது. போட்டதும் ஒரே ஒரு சிறு பீப் என்றால் பல போர்டுகளில் எல்லாம் நலம் என்று பொருள். நீளமும் குட்டையுமாக மாறி மாறி வந்தால் எண்ணிக் குறித்துக்கொண்டு உங்கள் போர்டின் கையேட்டில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். திரையில் ஒன்றும் வராமல் தொடர்ந்து அடித்தால் ராமை (மெமரி பலகையை) கம்ப்யூட்டரை அணைத்துக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, அழுத்தமாக மாட்டுங்கள். பல கடைகளிலும் முதலில் செய்வது இதைத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வண்டி போல ஏறி இறங்கி அலறினால் ப்ராசஸர் சூடாகிவிட்டது அல்லது அதன் ஃபேன் நின்றுவிட்டது. உடனே அணையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1997-க்குப் பிறகு வந்த அவார்டு பயாஸ் உள்ள சில கம்ப்யூட்டர்கள் திடீரென்று பீத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றைத் தாமாகவே வாசிக்கும். வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. ப்ராசஸர் ஃபேன் பழுதாகிறது அல்லது மின்னழுத்தம் அளவு தவறுகிறது என்று பயாஸ் தரும் எச்சரிக்கை அது. மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தது. இன்றும் ஏதாவது கடையின் பில்லிங் மேஜையிலிருந்து அந்த மெட்டு கேட்டால், கேபினெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால்

கடைக்குக் கொண்டுபோனால் சத்தம் வராது. அங்கே ஏசி ஓடும், தெரு இரைச்சல் இருக்கும், வழியில் குலுங்கியதில் ஏதாவது சரியாகவும் உட்கார்ந்திருக்கும். அதனால் செல்போன் பதிவையும் நேரம் குறித்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. அதை மாட்டாமலேயே ஃபேனையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்க முடியும். எதையாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்து அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வேலையை ஓடவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.